ஏடுபேணற்கடப்பாடு: விமானத்துறை ஆவண விதிகளுக்கு ஒரு சொல் முன்மொழிவு

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

குடிசார் விமானப் போக்குவரத்துச் சொற்பட்டியலில் ‘ரெக்கார்ட் கீப்பிங் ரிக்வயர்மென்ட்’ என்னும் தொடருக்கு இதுவரை மூன்று முன்மொழிவுகள் வந்துள்ளன: ‘பதிவேடு பராமரிப்புத் தேவை’, ‘ஆவணக் காப்பு விதி’, ‘பதிவுப் பேணல் கட்டாயம்’. பொதுவான எழுத்தில் இம்மூன்றும் பொருள் தரக்கூடியவையே. ஆனால் விமானத்துறைக்குள் நுழைந்தவுடன், அங்கே முன்பே குடியேறிவிட்ட வேறு சொற்களோடு இவை மோதுகின்றன. அம்மோதல்களை முதலில் எடுத்துக்காட்டிவிட்டு, ‘ஏடுபேணற்கடப்பாடு’ என்ற சொல்லை உங்கள் முன் வைக்கிறேன்.

முதல் மோதல் ‘பராமரிப்பு’ என்ற சொல்லில் நிகழ்கிறது. விமானத்தையும் அதன் இயந்திரங்களையும் பறக்கத் தகுந்த நிலையில் வைத்திருக்கும் தொழிலுக்கே இத்துறையில் பராமரிப்பு என்று பெயர். அப்பணிக்குரிய எழுத்துச் சான்று ‘பராமரிப்புப் பதிவேடு’ ஆகிறது. அதைக் காத்து வைக்கும் செயலையும் பராமரிப்பு என்றே அழைத்தால், விதிநூலில் ‘பராமரிப்புப் பதிவேட்டுப் பராமரிப்புத் தேவை’ என்று எழுத வேண்டி வரும். இதில் எந்தப் பராமரிப்பு விமானத்துக்கு உரியது, எது ஏட்டுக்கு உரியது என்று படிப்பவர் நின்று யோசிக்க நேரும். ஒரு பணிமனையில் கையெழுத்திடும் பொறியாளர் அப்படி நிற்கக் கூடாது.

இரண்டாவது மோதல் ‘பதிவு’ என்பதில். இதை நான் இன்னும் கடுமையானதாகக் கருதுகிறேன். 1944 டிசம்பர் 7 அன்று சிகாகோவில் கையெழுத்தான பன்னாட்டுக் குடிசார் விமானப் போக்குவரத்து உடன்படிக்கையின் 29-ஆம் பிரிவு, எல்லை கடந்து பறக்கும் ஒவ்வொரு விமானமும் தன்னுடன் கொண்டிருக்க வேண்டிய ஆவணங்களைச் சொல்கிறது. பதிவுச் சான்றிதழ் அவற்றுள் முதலாவது. விமானம் எந்த நாட்டைச் சேர்ந்தது என்பதை நிறுவும் சான்று அது. ஆகவே ‘விமானத்தின் பதிவு நீக்கப்பட்டது’ என்ற வாக்கியம், ஒரு நாடு தன் பட்டியலிலிருந்து அந்த விமானத்தை முறைப்படி விடுவித்தது என்று பொருள்படும். அதே வாக்கியத்தை, விமானத்தைப் பற்றி எழுதி வைத்திருந்த செய்தி அழிக்கப்பட்டது என்றும் படிக்கலாம். முன்னது சட்டப்படியான நடவடிக்கை. பின்னது குற்றமாகவே இருக்கலாம். போதாக்குறைக்கு, விபத்துக்குப் பின் தேடப்படும் தரவுப் பதிவுக் கருவியும் இதே சொல்லைக் கொண்டிருக்கிறது. எனவே, சான்றிதழுக்கும் கருவிக்கும் ‘பதிவு’ என்பதை விட்டுக்கொடுத்துவிட்டு, எழுதிக் காக்கப்படும் சான்றுக்கு வேறு சொல் தேடுவதே முறை.

‘ஆவணம்’ அந்த இடத்தை நிரப்பாது. பறக்குந்தகுதிச் சான்றிதழ், பணிக்குழுவினரின் உரிமங்கள், வானொலி நிலைய உரிமம் ஆகியவை ஆவணங்கள். அவற்றை அரசு வழங்குகிறது, நிறுவனம் பெற்றுக்கொள்கிறது. நாம் பெயரிட முனையும் பொருளோ எதிர்த்திசையில் நகர்வது. நிறுவனமே அதை நாள்தோறும் எழுதுகிறது, அரசு கேட்கும்போது காட்டுகிறது. மேலும் ‘ஆவணக் காப்பு’ என்றதும் நம் மனத்தில் எழுவது பழஞ்சுவடிகள் உறங்கும் காப்பகம். அடுத்த பறப்புக்கு முன்பே ஒருவர் புரட்டிப் பார்க்க வேண்டிய தாளுக்கு அப்பெயர் பொருந்தாது.

அத்தாளில் என்ன இருக்கிறது என்பதைப் பார்த்தால் சொல் எளிதில் கிடைக்கும் என்று நம்புகிறேன். மேற்சொன்ன உடன்படிக்கைக்குப் பன்னாட்டுக் குடிசார் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த 6-ஆம் பின்னிணைப்பு, வணிக விமானங்களை இயக்குவோர் வைத்திருக்க வேண்டியவற்றை இவ்வாறு வகுக்கிறது: விமானமும் ஆயுள் வரையறுக்கப்பட்ட பாகங்களும் மொத்தம் எவ்வளவு உழைத்துள்ளன, கட்டாயமாகச் செய்ய வேண்டிய பறக்குந்தகுதிப் பணிகளில் எவை முடிந்தன, என்னென்ன மாற்றங்களும் பழுதுநீக்கங்களும் நடந்தன, கடைசியாக முற்றிலும் பிரித்துச் சீரமைத்த பின் எவ்வளவு உழைப்பு கடந்தது, பராமரிப்புத் திட்டத்தின்படி இன்றைய நிலை என்ன என்பவை. இவற்றோடு, ஒவ்வொரு பணியும் முறைப்படி முடிந்து விமானம் மீண்டும் பறக்க விடுவிக்கப்பட்டது என்பதைக் காட்டும் விரிவான குறிப்புகளும் வேண்டும். அவற்றில் பல, ஒருவர் கையெழுத்திட்ட ஒற்றைத் தாள்களே. பல தாள்கள் சேர்ந்த புத்தகத்தை நினைவூட்டும் ‘பதிவேடு’ அவற்றுக்குப் பெரிது. ‘குறிப்பு’ என்பதோ மிகவும் இலேசானது.

‘ஏடு’ இரண்டுக்கும் இடையில் சரியாக நிற்கிறது. ஓலைச்சுவடியின் ஓர் இதழும் ஏடுதான், எழுதப்பட்ட முழுநூலும் ஏடுதான். பேரேடு, குறிப்பேடு, கையேடு என்று அது கூட்டுச்சொற்களில் எளிதாக இயைந்து நிற்பதையும் நாம் அறிவோம். அவ்வழியிலேயே பராமரிப்பேடு, பயிற்சியேடு, பணிநேர ஏடு, எரிபொருள் ஏடு, கணினியில் இருந்தால் மின்னேடு என்று துறை முழுவதற்கும் ஒரே வேரிலிருந்து சொற்களைக் கிளைக்கச் செய்யலாம். ஏடு என்றால் செய்தித்தாளைக் குறிக்காதா என்று கேட்பவர்களுக்கு, விமானத்துறை விதிநூலில் அந்த ஐயம் எழ வாய்ப்பே இல்லை என்பதுதான் என் விடை.

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்ற பழமொழி இச்சொல்லைச் சற்று மட்டம் தட்டிவிடுகிறது என்று அன்பர் ஒருவர் எழுதியிருந்தார். அது கவனிக்க வேண்டிய எதிர்ப்பு. ஆனால் எழுத்துக்கும் உண்மைப் பொருளுக்கும் உள்ள உறவு இத்துறையில் வேறுவகையானது என்பதை அவர் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். விமான இயந்திரத்திலுள்ள சுழலியின் (டர்பைன்) தட்டு ஒன்றைக் கையில் எடுத்து எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும், அது எத்தனை சுழற்சிகள் உழைத்தது என்பதைக் கண் சொல்லாது. ஏடு மட்டுமே சொல்லும். ஏடு தொலைந்த தட்டு, உலோகத்தில் எக்குறையும் இல்லாமலிருந்தாலும், விமானத்தில் பொருத்தத் தகாதது. 2023-இல், பாகம் பயன்பாட்டுக்குத் தகுந்தது என்று காட்டும் விடுவிப்புச் சான்றுகள் போலியாக இணைக்கப்பட்டு விற்கப்பட்ட இயந்திர உதிரிபாகங்கள் வெளிப்பட்டபோது, பல நாட்டு நிறுவனங்கள் தம் இயந்திரங்களைத் திறந்து அப்பாகங்களை அகற்றியதற்குக் காரணம் இதுவே. பாகம் உடைந்ததால் அவர்கள் அதைச் செய்யவில்லை. அதன் ஏட்டை நம்ப முடியாமற் போனதால் செய்தார்கள்.

இதைவிட அழுத்தமான சான்றும் உண்டு. 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிட்டி விமான நிலையத்தில் டிசி-10 விமானம் ஒன்று விழுந்து நொறுங்கியதில் 112 பேர் உயிரிழந்தனர். வால்புற இயந்திரத்தின் விசிறித் தட்டு நடுவானில் வெடித்ததே தொடக்கம். அந்தத் தட்டு 1970-களின் தொடக்கத்தில் உருவாக்கப்பட்டது. அது எந்த உலோகக் கட்டியிலிருந்து வந்தது என்று புலனாய்வாளர்கள் தேடிச் சென்றபோது, உற்பத்தியாளரின் பழைய ஏடுகளில் ஒரே வரிசை எண்ணைத் தாங்கிய இரண்டு தட்டுகள் இருந்ததைக் கண்டனர். அதே உலோகத்தில் செய்த பிற தட்டுகள் எங்கே பறந்துகொண்டிருக்கின்றன என்ற கேள்விக்கான விடை, ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் யாரோ எழுதிய ஒரு வரியைச் சார்ந்திருந்தது. ஏடு என்ற சொல்லுக்கு இதைவிட வேறு மதிப்பு எதை நாம் தர முடியும்?

இனி ‘பேணல்’. பராமரிப்பு என்பதை விமானத்துக்கும் பேணல் என்பதை ஏட்டுக்கும் நிலையாக ஒதுக்கிவிடுவோம் என்பதே என் வேண்டுகோள். தனித்தமிழ் நோக்கில் விமானப் பராமரிப்பையே பேணல் என்று எழுதுவோர் உண்டு. அவர்களது நோக்கத்தை நான் மதிக்கிறேன், ஆனால் இரண்டுக்கும் ஒரே சொல்லைத் தந்தால் முதற்சிக்கலுக்கே திரும்பிவிடுவோம். ‘சேமிப்பு’ என்பதும் போதாது. பேணல் என்பதில் காலம் அடங்கியிருக்கிறது, அக்காலமோ ஏட்டுக்கு ஏடு வேறுபடுகிறது. அதே 6-ஆம் பின்னிணைப்பின்படி, எரிபொருள், மசகெண்ணெய் ஏடுகளையும் பறப்புக்கு முந்தைய ஆயத்தப் படிவங்களையும் மூன்று மாதம் வைத்திருந்தால் போதும். விரிவான பராமரிப்பேட்டை, பணி முடித்துக் கையெழுத்திட்ட நாளிலிருந்து குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும். ஆனால் மொத்த உழைப்பு, ஆயுள், மாற்றங்கள் முதலிய நிலையைக் காட்டும் ஏடுகள், அந்தப் பாகமோ விமானமோ பணியிலிருந்து நிரந்தரமாக விலக்கப்பட்ட பின்னும் 90 நாள் இருக்க வேண்டும். அதாவது பொருள் மறைந்த பிறகும் ஏடு வாழ வேண்டும். இவ்வகைக்கு ‘ஆயுளேடு’ என்ற தனிச்சொல்லைப் பரிந்துரைக்கிறேன். விமானம் கைமாறினால் புதியவரிடம் ஒப்படைக்க வேண்டிய முதற்பொருள் இதுவே. வைத்திருக்க வேண்டிய கால அளவைப் ‘பேணற்காலம்’ எனலாம்.

‘தேவை’ என்பதை விலக்கியே ஆக வேண்டும். ‘ஏடு பேணல் தேவைகள்’ என்று ஒருவர் படித்தால், அலமாரியும் பூட்டும் வேண்டுமென்று நினைப்பார். இங்கே இருப்பது அரசு சுமத்திய பொறுப்பு. மீறினால் உரிமம் பறிபோகலாம். ‘கடமை’ அறவுணர்வோடு நெருங்கியது, ‘கட்டாயம்’ சுமத்துபவரின் பக்கமிருந்து பேசுவது. சட்டத்தமிழில் பழகிவிட்ட ‘கடப்பாடு’ சுமப்பவரின் பக்கமிருந்து சரியாகப் பேசுகிறது. அதை ஏற்றுக்கொண்டால், இத்துறையில் எப்போதும் குழம்பிக் கிடக்கும் மூன்று பொறுப்புகளையும் பிரித்துப் பெயரிட முடிகிறது. உடன்படிக்கையின் 29-ஆம் பிரிவு சொல்வது, ஆவணங்களை விமானத்திலேயே வைத்திருக்கும் உடன்கொள்ளற்கடப்பாடு. கோளாறு அல்லது ஆபத்தான நிகழ்வு நேர்ந்தால் அரசுக்குச் சொல்வது தெரிவிப்புக் கடப்பாடு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 376/2014 ஒழுங்குவிதி அதற்கு, நிகழ்வை அறிந்ததிலிருந்து 72 மணி நேரம் என எல்லை வைக்கிறது. யாரும் கேட்காவிட்டாலும் எழுதிக் காத்து வைத்து, கேட்டபோது காட்டுவது ஏடுபேணற்கடப்பாடு. ஒருவர் முதலிரண்டையும் குறைவின்றி நிறைவேற்றிவிட்டு, மூன்றாவதில் தவறக்கூடும். ஆகையால் மூன்றையும் ‘ஆவண விதிகள்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதை நான் ஏற்கவில்லை.

இவையனைத்தையும் தழுவிய ‘பேப்பர் ஒர்க்’ என்பதற்குப் ‘படிவப்பணி’ என்ற யோசனையும் வந்திருந்தது. அதைவிட ‘ஏட்டுப்பணி’ பொருத்தமானது. அமெரிக்கா 1980-இல் இயற்றி 1995-இல் திருத்தி எழுதிய ஏட்டுப்பணிக் குறைப்புச் சட்டம், படிவம் நிரப்பும் நேரத்தை மட்டுமல்லாமல், ஏடுகளைக் காத்து வைக்கச் செலவாகும் நேரத்தையும் மக்கள் மீது அரசு சுமத்தும் சுமையாகவே கணக்கிடச் சொல்கிறது. ‘படிவம்’ பாதியைத்தான் காட்டும். அச்சுமையை ‘ஏட்டுச்சுமை’ என்று சொன்னால் முழுமை கிடைக்கும்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் முடிவாகவில்லை. மின்னேடுகள் பரவிய பின், ஏடுகள் எந்நேரமும் மூன்று பண்புகளோடு இருக்க வேண்டுமென்று 6-ஆம் பின்னிணைப்பு கோருகிறது. படிக்கத்தக்கனவாயிருத்தல், பாதுகாப்பு என்ற இரண்டுக்கும் சொல் தேட வேண்டியதில்லை. மூன்றாவதான ‘இன்டெக்ரிட்டி’ என்பதை ‘நேர்மை’ என்று எழுதுவது ஏட்டுக்குப் பொருந்தாது. ‘மாறாமை’ என்றால் முறைப்படியான திருத்தத்தையும் தடுத்துவிடும். பிழையாக எழுதிய வரியைப் பழையது தெரியும்படி அடித்து, திருத்தியவர் கையெழுத்தோடு புதியதை எழுதுவது இத்துறையில் ஏற்ற வழக்கம்தான். ‘சிதையாமை’ என்பதை நான் தற்காலிகமாகக் குறித்து வைத்திருக்கிறேன். திருத்தத்துக்கு இடம் தந்து, புரட்டுக்கு இடம் தராத வேறு சொல் உங்களில் எவரிடமாவது இருந்தால், பட்டியல் முடிவாகும் முன் அனுப்பி உதவுங்கள்.

அன்புடன்.