கடை க்ளூட்டன் ஃப்ரீ இங்கிலீஷ் மஃபின்: சாப்பிட்டவர்கள் சொல்லுங்கள்

எடிசன்வாசி:
சீலியாக், அதாவது கோதுமையில் உள்ள க்ளூட்டன் என்ற புரதம் குடலுக்கு ஆகாத நோய், உள்ளவர்களுக்கு முன்கதை தேவையில்லை. ஃப்ரீஸர் வரிசையில் நாலு நாலாக வருமே, கேக் இல்லை, தட்டையான வட்ட ரொட்டி, அந்தப் பாக்கெட்தான். கம்பெனி பெயர் வேண்டாம். டோஸ்டரில் போட்டேன். மேலே நல்ல நிறம், மொறுமொறுப்பு, அடியில் தூவிய சோள ரவை வறுபடும் வாசனை. நம்பிக் கடித்தேன். நடுவில் வேகாத இட்லி! மேல் அண்ணத்தில் போய் அப்பிக்கொண்டது. நாக்கால் தள்ளினேன், நகரவில்லை. விரலை விட்டுத் தோண்டி எடுக்கிறேன், அப்போதுதான் மீட்டிங்கில் என் கேமரா ஓடிக்கொண்டிருப்பது தெரிகிறது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மேனேஜர் மட்டும் "டேக் யுவர் டைம்" என்றார். அது இன்னும் காதில் கேட்கிறது. உங்களுக்கும் இப்படி ஒட்டியதா?

ஸ்காபரோ அக்கா:
தம்பி, ஒட்டினதைக்கூட மன்னிக்கலாம். பட்டர் உள்ளே இறங்காததை என்னால் மன்னிக்க முடியாது. எனக்குச் சீலியாக் வருத்தம் கண்டுபிடிக்கும் வரைக்கும் கோதுமை மஃபின்தான் என் காலைச் சாப்பாடு. கத்தி வைக்காமல் முள்ளுக்கரண்டியால் பிளந்தால் உள்ளே மேடும் பள்ளமுமாக வரும். ரோஸ்ற் பண்ணினால் மேடு கருகும், பள்ளத்தில் பட்டர் தேங்கி நிற்கும். அதுக்காகத்தானே அதைச் சாப்பிடுகிறது? இந்தப் பாண் முழுக்க மட்டமாக, பொடி ஓட்டைகளோடு இருக்கு. உருகின பட்டர் போக இடமில்லாமல் விளிம்பால் வழிந்து நேரே என் சீலையில். கோயிலுக்கு வெளிக்கிட்டு நின்ற நேரம். பட்டுச் சீலை. அதுவும் மயில் பச்சை.

கோதுமை_விரோதி:
எனக்கும் ஒட்டியது, ஒரு முறை பல்லில் போட்ட கேப் வரைக்கும் கழன்றது. அதை விடுங்கள். இரண்டு பேரும் சொல்வதற்குக் காரணம் ஒன்றுதான். கோதுமையில் க்ளூட்டன் வலை மாதிரி இழுபட்டு, ஈஸ்ட் விடும் காற்றைப் பெரிய பெரிய குமிழாகப் பிடித்து வைக்கும். அந்தக் குமிழ்கள்தான் அக்கா சொல்லும் பள்ளம். இதில் அரிசி மாவு, மரவள்ளி ஸ்டார்ச், உருளை ஸ்டார்ச். வலை கிடையாது. அதற்குப் பதிலாக சாந்தன் கம் என்ற பசைப் பொடியும் இசப்கோல் உமியும் போடுகிறார்கள். இவை தண்ணீரைக் குடித்துப் பிடித்துக்கொள்ளும், லேசில் விடாது. மாவும் பிசையும் பதத்தில் இருக்காது, வளையத்தில் ஊற்றும் பதம்தான். மேலே காய்ந்த பிறகும் உள்ளே ஈரம் நிற்பது அதனால். க்ளூட்டன் இருந்தாலுமே அந்தப் பள்ளங்கள் சும்மா வந்துவிடாது. தாமஸ் மஃபின் செய்யும் பிம்போ கம்பெனி, அந்த ரகசியம் தெரிந்த ஓர் அதிகாரி போட்டிக் கம்பெனிக்குப் போகாமல் தடுக்க 2010-ல் கோர்ட்டுக்குப் போய்த் தடை உத்தரவே வாங்கியது.

இப்போது செய்ய வேண்டியதைக் கேளுங்கள். உறைந்ததை நேராக டோஸ்டரில் போடக் கூடாது, உள்ளே பனி இளகும் முன்பே வெளியே சிவந்துவிடும். முதலில் மைக்ரோவேவில் அரை நிமிடம். கை பொறுக்கும் சூடு வந்ததும் கத்தியாலேயே வெட்டுங்கள், முள்கரண்டி இதற்குச் சரிப்படாது, உதிரும். டோஸ்டரைக் குறைந்த சூட்டில் வைத்து இரண்டு தடவை. எடுத்ததும் தட்டில் வைக்காதீர்கள், அடியில் வியர்க்கும். கம்பித் தட்டில் ஒரு நிமிடம் விடுங்கள். அப்புறம், மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைக்கவே வைக்காதீர்கள். அந்தக் குளிரில்தான் ஸ்டார்ச் சீக்கிரம் இறுகும். ஃப்ரீஸர்தான் சரி.

எடிசன்வாசி:
சார், நான் கேட்டது அனுபவம். செய்முறை பாக்கெட்டிலேயே இருக்கிறது.

கோதுமை_விரோதி:
பாக்கெட்டில் "டோஸ்ட் செய்து சாப்பிடவும்" என்றுதான் இருக்கும். அதைச் செய்துதானே கேமராவில் வந்தீர்கள்?

ஈஸ்ட்ஹாம் மருமகள்:
இங்கே லண்டனில் நான் வாங்கியது ஒட்டவே இல்லை. மெத்தென்று, நன்றாகவே இருந்தது. அதனால் எல்லா மஃபினையும் ஒரே தராசில் போடாதீர்கள். ஆனால் நடந்தது வேறு. நான் இரண்டாவது கடியில் இருக்கிறேன். ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் பாக்கெட்டைத் திருப்பி, கண்ணாடியை ஏற்றி இறக்கி எழுத்துக் கூட்டுகிறார். "ஏம்மா, முட்டை வெள்ளைக்கருன்னுல்ல தடிமனா போட்டிருக்கு?" நாங்கள் சுத்த சைவம். அன்று அமாவாசை வேறு. வாயில் இருப்பதை விழுங்குவதா, துப்புவதா? அவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு முட்டை இல்லாத வகையைத் தேடி வாங்கினேன். அதில் எடிசன்வாசி சொன்ன ஒட்டல் அத்தனையும் இருந்தது. வெள்ளைக்கரு சூட்டில் இறுகி உள்ளே ஒரு பிடிமானம் கொடுக்கிறது, அது இல்லையென்றால் கம் மட்டும்தான் மிச்சம். கோதுமை_விரோதி இதைச் சொல்லவே இல்லையே.

டல்லாஸ் அப்பா:
எல்லோரும் பதத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். ருசி? நான் பையைக் கிழித்ததும் குப்பென்று ஒரு புளிப்பு வாடை, வினிகர். சின்னவன் ஓடி வந்து "அப்பா, ஊறுகாயா?" என்று தட்டை நீட்டினான். சுட்டதும் வாடை போய்விட்டது. முதலில் லேசான தித்திப்பு, அப்புறம் நாக்கின் மேல் பச்சரிசி மாவு தூவிய மாதிரி ஒரு நறநறப்பு. ஈஸ்ட் மணம் தேடினாலும் இல்லை. அவன் ஒரு வாய் தின்றுவிட்டு மீதியை ஊறுகாயோடு கேட்டான். கொடுத்தேன். அப்படித்தான் அந்தப் பாக்கெட் தீர்ந்தது.

பழையசோறு:
மஃபின் நான் சாப்பிட்டதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மஃபினில் க்ளூட்டன் ஃப்ரீ முத்திரை பார்க்கிறீர்கள், சமையலறையில் கூட்டுப் பெருங்காய டப்பாவைப் பார்த்தீர்களா? பல பிராண்டுகளில் கோதுமை மாவு கலந்திருக்கும். அமெரிக்காவில் முத்திரைக்கான க்ளூட்டன் வரம்பு பத்து லட்சத்தில் 20 பங்குக்கும் கீழ். வீட்டில் மற்றவர்கள் கோதுமை ரொட்டி சுடும் டோஸ்டரிலேயே உங்கள் மஃபினையும் இறக்கினால் அந்தக் கணக்கெல்லாம் எங்கே போகும்? தனி டோஸ்டர் வாங்குங்கள். தோசைக் கல்லும் தனி. ரவா தோசை வார்த்த கல்லில் இதைச் சூடு பண்ணாதீர்கள். வெளியில் சாம்பார் சாப்பிடுமுன் பெருங்காயத்தைக் கேளுங்கள். ஓட்ஸையும் முத்திரை பார்த்தே வாங்குங்கள், ஆலையிலேயே கோதுமை கலந்துவிடும். சோயா சாஸ் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

ஸ்காபரோ அக்கா:
சோயா சாஸ் பிறகு பார்ப்பம். மைக்ரோவேவ் செய்து இரண்டு தடவை ரோஸ்ற் பண்ணிப் பார்த்தேன். ஒட்டல் குறைஞ்சிருக்கு, அதை ஒத்துக்கொள்கிறேன். பட்டர் இன்னும் மேலேதான் நிற்குது. இப்ப முள்ளுக்கரண்டியால் நானே குத்திக் குத்திப் பள்ளம் போடுகிறேன், அதைப் பார்த்து மகள் சிரிக்கிறாள். டல்லாஸ் தம்பி, அது எலுமிச்சை ஊறுகாயோ, மாங்காயோ?