திறந்தவெளி இசை விழா, டென்ட்டில் 3 இரவு: பூச்சிக்கடிக்கு என்னதான் வழி?

கடைசிவரிசை:
அடுத்த மாதம் கோடை இசை விழாவுக்குப் போகிறோம். நாலு பேர், இரண்டு டென்ட், 3 இரவு. போன தடவை கேட்ட பாட்டெல்லாம் மறந்துவிட்டது, சொறிந்தது மட்டும் மறக்கவில்லை. கணுக்கால்களைச் சுற்றி மட்டும் 30 தடிப்புக்கு மேல் எண்ணினேன். வாசனை மெழுகுவர்த்தி ஏற்றினோம், கையில் கொசுவிரட்டிப் பட்டை கட்டினோம், கூட்டாளி ஒருவன் ஒரு வாரம் முன்பிருந்தே பூண்டாகத் தின்றுவிட்டு வந்தான். அவனையும் கடித்தது, கூடவே பக்கத்தில் படுத்த எங்கள் தூக்கமும் போனது. இந்த முறை உருப்படியான வழி சொல்லுங்கள். என்னை மட்டும் ஏன் தேடி வந்து கடிக்கிறது என்றும் தெரிந்தால் நல்லது. கிட்டாரும் எடுத்துப் போகிறேன்.

புல்தரை:
பட்டை, மெழுகுவர்த்தி, பூண்டு மூன்றையும் விட்டுவிடுங்கள். தோலில் தடவுகிற மருந்துதான் வேலை செய்யும். வாங்கும்போது முன்பக்கப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கம் மருந்தின் பெயரும் சதவீதமும் என்ன என்று பாருங்கள். டீட் (DEET) என்ற கொசுவிரட்டி மருந்து 10 சதவீதம் என்றால் சுமார் 2 மணி நேரம்தான் தாங்கும், 20 முதல் 30 வரை இருந்தால் மாலை முழுக்கச் சமாளிக்கலாம், 50க்கு மேல் போனால் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது.

ஆனால் நீங்கள் கிட்டார் என்றீர்களே, அங்கேதான் சிக்கல். டீட் பிளாஸ்டிக்கையும் வார்னிஷையும் கரைக்கும். நான் தடவிய கையோடு கூலிங்கிளாஸை எடுத்து மாட்ட, ஃபிரேமில் என் கைரேகை நிரந்தரமாகப் பதிந்துவிட்டது! உங்களுக்கு 20 சதவீத பிகாரிடின் என்ற இன்னொரு கொசுவிரட்டி மருந்துதான் சரி. அது பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது, பிசுபிசுப்பும் குறைவு.

பகலில் முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்த பிறகு கொசு மருந்து. மாற்றிப் போடாதீர்கள். கணுக்கால், காதுக்குப் பின்புறம், பின்கழுத்து இதெல்லாம் எல்லோரும் விட்டுவிடுகிற இடங்கள், கொசு விடாது. டைட்டான லெகிங்ஸ் போட்டால் துணிக்கு மேலேயே கடிக்கும், தொளதொள பேன்ட் போட்டு சாக்ஸுக்குள் சொருகிவிடுங்கள். பார்க்கச் சகிக்காதுதான், இருட்டில் யார் பார்க்கப் போகிறார்கள்.

பாதிராத்தூக்கம்:
ஏன் உங்களை மட்டும் என்ற கேள்விக்கு: கடிப்பது பெண் கொசு மட்டும்தான். நாம் விடும் மூச்சில் உள்ள கார்பன் டைஆக்சைடு, உடம்புச் சூடு, வியர்வை வாசனை, இவற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறது. வாசனை ஆளுக்கு ஆள் மாறும். 2023ல் நெதர்லாந்தின் லோலேண்ட்ஸ் இசை விழாவிலேயே ஆய்வாளர்கள் கொசுக்கூண்டோடு போய் 465 பேரைச் சோதித்தார்கள். பியர் குடித்தவர்கள் பக்கம் கொசு கூடுதலாகப் போனது, சன்ஸ்கிரீன் போட்டிருந்தவர்கள் பக்கம் குறைவாகப் போனது. நீங்கள் எந்தக் கட்சி என்று நான் கேட்கவில்லை.

டென்ட் போடும் இடம் பாதி வேலையை முடித்துவிடும். தேங்கிய தண்ணீர், புதர், உயரமான புல் பக்கமே போகாதீர்கள், கொஞ்சம் மேடாகக் காற்று வரும் இடமாகப் பிடியுங்கள். கொசுவுக்குக் காற்றை எதிர்த்துப் பறக்கத் தெம்பு கிடையாது, உள்ளே பேட்டரி ஃபேன் ஒன்று ஓடினாலே வித்தியாசம் தெரியும். அப்புறம் ஜிப். விளக்கைப் போட்டுவிட்டு டென்ட்டைத் திறந்து வைத்து ஷூ கழற்றுகிற ஆள் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார், அவரைக் கண்டுபிடித்து முதலில் உள்ளே தள்ளுங்கள்.

கடைசிவரிசை:
அந்த ஆள் நான்தான். சரி, டென்ட்டுக்குள் கொசுவர்த்தி கொளுத்தி வைக்கலாமா?

ஒற்றையடி:
வேண்டவே வேண்டாம். டென்ட் துணி நொடியில் பற்றிக்கொள்ளும், மூடிய இடத்தில் புகையும் நல்லதல்ல. அதற்குப் பதில் கிளம்புவதற்கு முன்பே 0.5 சதவீத பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி ஸ்ப்ரேயை பேன்ட், சாக்ஸ், ஷூவில் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். துணிக்கு மட்டும், தோலில் கூடாது. வீட்டில் பூனை இருந்தால் ஈரம் காயும்வரை கிட்டே விடாதீர்கள், அதற்கு விஷம்.

உண்ணியை யாரும் சொல்லவில்லையே. கடித்தால் வலிக்காது, அதுதான் ஆபத்து. புல்லில் உட்கார்ந்து கேட்டிருந்தால் இரவு படுக்கும் முன் முழங்கால் மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு, தலைமுடி எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் கூர்முனை ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். தீக்குச்சியால் சுடுவது, வாசலின் பூசுவது எல்லாம் தப்பு. உண்ணிக்கடியால் பரவும் லைம் நோய் உள்ள பகுதி என்றால் 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிடுவது முக்கியம், பிறகு சில வாரங்களுக்குள் காய்ச்சலோ பரவும் சிவப்புத் தடிப்போ வந்தால் டாக்டரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள்.

கடைசிவரிசை:
பிகாரிடின், பெர்மெத்ரின், ட்வீசர் மூன்றும் பட்டியலில் ஏறிவிட்டன. பியரை மட்டும் விட முடியாது.

ஒற்றையடி:
குடியுங்கள், ஆனால் கேனில் வேண்டாம், உள்ளே இருப்பது தெரிகிற கப்பில் ஊற்றிக் குடியுங்கள். கீழே வைத்த கேனுக்குள் குளவி இறங்கியிருப்பது தெரியாது. தொண்டையில் கொட்டினால் வீங்கி மூச்சை அடைக்கும், உடனே முதலுதவிக் கூடாரத்துக்கு ஓட வேண்டியிருக்கும். அது எந்தப் பக்கம் என்று போன உடனே பார்த்து வைத்துவிடுங்கள்.