ஒரே பெயரில் இரண்டு ஞானஸ்நானப் பதிவுகள்: என் முன்னோர் எவர்?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். என் தாய்வழி முன்னோர்களில் ஒருவரான ஜான், இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் விவசாயக் கூலியாக இருந்தவர். 1808-இல் நடந்த அவருடைய திருமணப் பதிவு கிடைத்துவிட்டது. 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அவருக்கு வயது 55 என்கிறது. பிறந்த ஊரைக் கேட்டு எழுதிய 1851 கணக்கெடுப்புக்கு முன்பே அவர் இறந்துவிட்டார். தேவாலயப் பதிவேடுகளின் இணைய அட்டவணையில், அடுத்தடுத்த இரண்டு பங்குகளில் (ஒரு தேவாலயத்தின் பொறுப்பில் உள்ள பகுதிகளில்), அதே பெயரும் குடும்பப் பெயரும் கொண்ட இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள். ஒருவர் 1783 செப்டம்பரிலும், மற்றவர் 1786 மார்ச்சிலும் ஞானஸ்நானம் பெற்றிருக்கிறார்கள். வயதைப் பார்த்தால் 1786-ஆம் ஆண்டுக் குழந்தையே பொருந்துகிறது. அவரையே முன்னோராகக் கொள்ளலாமா?

பதில் 1:
அவசரப்பட வேண்டாம், ஐயா. 1841 கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். ஆகவே 55 என்பது 55 முதல் 59 வரை எதுவாகவும் இருக்கலாம். இருவருமே அதற்குள் அடங்குகிறார்கள். பெயர் ஒத்துப்போவது மட்டும் சான்றாகாது. இரு பங்குகளின் அடக்கப் பதிவுகளையும் 1783 தொடங்கி வரிசையாகப் படித்து, இருவரில் ஒருவர் சிறுவயதிலேயே இறந்தாரா என்று முதலில் பாருங்கள். பதிவேட்டில் பக்கம் சிதைந்திருந்தால், ஆண்டுதோறும் பிஷப்புக்கு அனுப்பப்பட்ட நகல்களில் அதே பதிவு இருக்கக்கூடும். அட்டவணையை நம்பி நிற்காமல், மூலப் பக்கத்தின் படத்தையே பாருங்கள்.

பதில் 2:
1783 செப்டம்பர் என்ற தேதியைக் கவனியுங்கள். அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல், பதிவேட்டில் ஏறும் ஒவ்வொரு ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் 3 பென்ஸ் முத்திரை வரி வந்தது. 1794 வரை அது நீடித்தது. வரி வருவதற்கு முன்பே முடித்துவிடலாம் என்று, வளர்ந்த பிள்ளைகளையும் தேவாலயத்துக்கு அழைத்துச் சென்ற பெற்றோர் உண்டு. பதிவேட்டில் உள்ளது ஞானஸ்நான நாள்தான். பிறந்த நாள் அதற்குச் சில ஆண்டுகள் முந்தியதாகவும் இருக்கலாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. மூலப் பக்கத்தைப் பார்த்தேன். 1783 செப்டம்பரில் ஒரே நாளில், அதே பெற்றோரின் மூன்று பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் நடந்திருக்கிறது. ஜானின் பெயர் இரண்டாவதாக உள்ளது. அட்டவணையில் இது தெரியவே இல்லை. இனி எங்கே தேடுவது?

பதில் 3:
நல்ல தடயம் கிடைத்திருக்கிறது! அந்த உடன்பிறந்தவர்களின் பெயர்களோடு 1808 திருமணப் பதிவுக்குத் திரும்புங்கள். திருமணங்களை முறைப்படுத்திய ஹார்ட்விக் சட்டம் 1754-இல் நடைமுறைக்கு வந்தபின், மணமக்களும் இரண்டு சாட்சிகளும் கையெழுத்தோ கைக்குறியோ இட வேண்டியிருந்தது. சாட்சி சில நேரம் தேவாலய எழுத்தராகவே இருப்பார். அவர் பெயர் முன்பின் பக்கங்களிலும் வரும், அதனால் எளிதில் அடையாளம் கண்டுவிடலாம். ஆனால் அந்த மூவரில் ஒருவரின் பெயர் சாட்சியாக நின்றால், 1783-ஆம் ஆண்டு ஜானின் பக்கம் தராசு வெகுவாகச் சாயும். அவர் கூலி வேலைக்காகப் பங்கு மாறியிருந்தால், ஒரு ஏழைக்கு உதவும் பொறுப்பு எந்தப் பங்குக்கு உரியது என்று தீர்மானிக்க, ஏழைகள் நிவாரணச் சட்டத்தின்கீழ் நடந்த குடியிருப்பு உரிமை விசாரணையின் வாக்குமூலம் நார்விச்சில் உள்ள நார்ஃபோக் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறந்த ஊரையும் வேலை செய்த இடங்களையும் அதில் அவரே சொல்லியிருப்பார். இரண்டிலும் விடை கிடைக்காவிட்டால், இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபையைச் சேராத சிற்றாலயங்களின் பதிவேடுகளையும் தேடுங்கள். அவற்றில் பெரும்பகுதி 1837-க்குப் பிறகு அரசிடம் ஒப்படைக்கப்பட்டு, இன்று லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அங்கே மூன்றாவதாக ஒரு ஜான் இருக்கவும் வாய்ப்புண்டு.