ஒருமுறை சுட்ட குவளைகளை மறுபடி சுட எத்தனை மணி நேரம் ஒதுக்க வேண்டும்?

கேள்வி (வில்பட்டி, கொடைக்கானல்):
வணக்கம். என்னிடம் இருப்பது ஆறு கிலோவாட் மின்சூளை. போன வாரம் 1220 டிகிரியில் சுட்ட குவளைகளில் 12 தேறவில்லை. கைப்பிடி ஒட்டிய இடத்தில் கிளேஸ் (கண்ணாடிபோல் உருகிப் படியும் மேல்பூச்சு) விலகி மண் தெரிகிறது, சிலவற்றில் ஊசித்துளை. கார்போரண்டம் கல்லால் தேய்த்து மறுபடி பூசியிருக்கிறேன். ஞாயிறு காலை ஒரு விடுதிக்குக் கொடுக்க வேண்டும். முதல் தடவை ஒன்பது மணி நேரம் ஆனது. இப்போது வெந்த மண்தானே, சனிக்கிழமை காலை ஏற்றி ஏழு மணி நேரத்தில் முடித்துவிடலாமா?

பதில் (கோத்தகிரி):
வேண்டாம் தங்கச்சி. வெந்த மண் என்பதால்தான் மெதுவாகப் போக வேண்டும். பிஸ்க் சுட்ட (பூச்சுக்கு முன் குறைந்த சூட்டில் சுட்ட) மண்ணில் நுண்துளை இருக்கிறது, சூட்டைத் தாங்கும். உங்கள் குவளை இப்போது இறுகிப்போன கல். 573 டிகிரியில் மண்ணில் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் சட்டென்று விரியும். குவளையின் ஒரு பக்கம் அதைத் தாண்டி, மறுபக்கம் தாண்டாமல் நின்றால் கீறல் விழுந்துவிடும். அவசரப்பட்டு நான் ஒரு பெரிய தாம்பாளத்தை இப்படித்தான் இழந்தேன். இரண்டு மாத வேலை அது.

நான் போடும் கணக்கு இது. 85 டிகிரி வரை ஒரு மணி நேரம், அங்கேயே நிறுத்தி இன்னொரு மணி நேரம். கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி சுமாருக்கே கொதித்துவிடும், அதற்குள் பூச்சின் ஈரம் போயிருக்க வேண்டும். அப்புறம் 600 வரை மணிக்கு 75 டிகிரி, அதற்கு ஏழு மணி நேரம். 1100 வரை மணிக்கு 150, மூன்றே கால் மணிக்குக் கொஞ்சம் கூட. கடைசியில் மணிக்கு 60 வீதம் 1190 வரை ஒன்றரை மணி, பத்து நிமிடம் நிறுத்தம். மொத்தம் 14 மணி நேரம். பழைய 1220க்குப் போக வேண்டாம், மண் உப்பிவிடும். கோன் 5 (சூளைக்குள் வைக்கும், தேவையான சூடு வந்ததும் இளகிச் சாயும் சிறு கூம்பு) சாய்ந்தால் அணைத்துவிடுங்கள்.

ஆறுவதையும் சேர்த்துத்தான் கணக்கு. என் சூளைக்கு 20 மணி நேரம். 100க்குக் கீழே வராமல் மூடியைத் தொடாதீர்கள். ஆக, வெள்ளிக்கிழமை காலையே ஏற்ற வேண்டும்.

பதில் (குன்னூர்):
அக்கா சொன்னதோடு வோல்டேஜையும் பார்த்துக்கொள்ளுங்கள். 230க்குப் பதில் 200 வந்தால் சூளையின் சக்தி முக்கால்தான், ஆறு கிலோவாட் நாலரை ஆகிவிடும். கீழ்ச்சூட்டில் அது தெரியாது. 1100க்கு மேல்தான் சூடு காட்டும் முள் நகராமல் நிற்கும். சீசன் நேரத்தில் விடுதிகளில் கீசர் ஓடும்போது இன்னும் இறங்கும். காலை பத்து மணிக்கு ஏற்றினால் கடைசிக் கட்டம் இரவு பத்தேகால் சுமாருக்கு வரும். அப்போது ஊர் அடங்கியிருக்கும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. வெள்ளி பத்து மணிக்கு ஏற்றினேன். மாலை மின்சாரம் அரை மணி நேரம் போய் வந்தது, கடைசிக் கட்டமும் இழுத்தது. கோன் 5 சாயும்போது நள்ளிரவு தாண்டி மணி ஒன்றேகால் ஆகிவிட்டது. சனி இரவு ஒன்பதரைக்குத் திறந்தபோது 80 டிகிரி. 11 குவளை நன்றாக வந்திருக்கிறது. ஒன்றில் கைப்பிடியருகே துளை இன்னும் தெரிகிறது. அதை எங்கள் அடுப்படிக்கே வைத்துக்கொண்டேன்.