கணினி உலகக் கோப்பை: ரன் ரேட் கணக்கு

கவர்டிரைவ்: 2019 உலகக் கோப்பை முறையில் 10 அணி, 45 லீக் ஆட்டம் கணினியில் ஓட்டுகிறோம். நான்காம் இடத்துக்கு இரண்டு அணிகள் 11 புள்ளியில் நிற்கின்றன. நிகர ரன் ரேட் (ஓவருக்கு அடித்த ரன் கழித்தல் ஓவருக்குக் கொடுத்த ரன்) ஆளுக்கொரு எண் வருகிறது. சரியான முறை என்ன?

மூன்றாம்நடுவர்: முதலில் வெற்றி எண்ணிக்கையைப் பாருங்கள், அதுவும் சமமானால்தான் ரன் ரேட். 2019-இல் நியூசிலாந்தும் பாகிஸ்தானும் 11 புள்ளி, 5 வெற்றி. ரன் ரேட்டில் நியூசிலாந்து அரையிறுதி போனது.

பெரும்பாலும் ஓவரில்தான் கோளாறு. 40.3 என்றால் 40 ஓவர், 3 பந்து, வகுக்கும்போது 40.5. எக்செல் அதை அப்படியே 40.3 ஆக எடுத்துக்கொள்ளும். ஓவரையும் பந்தையும் தனித்தனிக் கட்டத்தில் போட்டு, பந்தை 6-ஆல் வகுத்துக் கூட்டுங்கள்.

லெக்கட்டர்: ஆல் அவுட்டையும் பாருங்க. 43.2 ஓவரில் 250-க்குச் சுருண்டாலும் முழு 50 ஓவர்தான் கணக்கு. எதிரணி 40.3-ல் 251 அடிச்சா: 5.000 கழித்தல் 6.198, அதாவது மைனஸ் 1.198. 43.2 ஓவரால, அதாவது 43.333-ஆல வகுத்தா மைனஸ் 0.428 வரும், தோத்த அணிக்குப் பெரிய சலுகை!

மூன்றாம்நடுவர்: ஆட்டவாரியாக எடுத்துச் சராசரி போடவே கூடாது. தொடர் முழுதும் அடித்த ரன், ஆடிய ஓவர், கொடுத்த ரன், வீசிய ஓவர், நான்கையும் கூட்டிய பிறகே வகுக்க வேண்டும். முடிவில்லாத ஆட்டமும் சூப்பர் ஓவர் ரன்னும் சேராது.