மறு: 'முதன்மை அட்டை' வேண்டாமே, வேறு சொல் பார்ப்போம்

அனைவருக்கும் வணக்கம். கணினியில் இரண்டு வரைகலை வழிகள் இருக்கும்போது 'பிரைமரி' என்று ஆங்கிலத்தில் குறிப்பதற்கு, நம் மென்பொருள் மொழிபெயர்ப்புக்காகத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். அதற்கு வந்த யோசனை இது:

> 'முதன்மை வரைகலை அட்டை' என்று போட்டு முடித்துவிடலாமே. எல்லாருக்கும் புரிகிற சொல்தானே.

புரிகிறது ஐயா, ஆனால் தப்பாகப் புரிகிறது. போன சனிக்கிழமை நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் பழுதுபார்க்கும் கடைக்கு ஒரு தம்பி மேசைக்கணினியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தான். பக்கத்துத் தோட்டத்துப் பையன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று வீடியோ எடுத்து வெட்டி ஒட்டிக் கொடுப்பவன். கணினியை வெளியூர்க் கடை ஒன்றில் சொல்லிச் செய்து வாங்கி ஏழு மாதம் ஆகிறது. "கார்டுக்கு மட்டும் ஆயிரத்து முந்நூறு வெள்ளி (ரிங்கிட்) அண்ணே. தீமிதி வீடியோ ஒரு மணி நேரந்தான், அத வெளியே எடுக்க ராத்திரி பூரா ஓடுது."

பெட்டியைத் திருப்பி முதுகைப் பார்த்தேன். மேலே யூஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில் நட்டுக்குத்தலாக ஒரு எச்டிஎம்ஐ துளை. அது தாய்ப்பலகையினுடையது (மதர்போர்டு). திரைக்குப் போகிற கம்பி அதில் செருகியிருந்தது. ஒரு சாண் கீழே, படுக்கைவாட்டில் நாலு துளைகள். அவை அட்டையினுடையவை. நாலிலும் தொழிற்சாலையில் போட்ட கறுப்பு பிளாஸ்டிக் மூடி அப்படியே இருந்தது. ஏழு மாதமாக அந்த அட்டையில் ஒரு திரையும் மாட்டப்படவில்லை. ஜிபியூ என்றால் வரைகலைச் சில்லு. டாஸ்க் மேனேஜரில் ஜிபியூ 0 (கணினியோடு வந்தது) மூச்சு வாங்கிக்கொண்டிருக்க, ஜிபியூ 1 (அந்த அட்டை) சுழியத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. பையன் மூடியையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கே சங்கடமாகிவிட்டது.

கம்பியைக் கீழே மாற்றினேன். அப்புறம்தான் கூத்து. விசையை அழுத்தினால் திரை கறுப்பு. முக்கால் நிமிடம் கழித்து விண்டோஸ் வந்த பிறகுதான் படமே வந்தது. பயோஸ் (கணினி விழித்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) பக்கத்துக்குப் போகலாமென்றால் அந்தப் பக்கமே கண்ணில் படவில்லை. அது தாய்ப்பலகைத் துளை வழியாக யாரும் பார்க்காத இடத்தில் வந்து போய்க்கொண்டிருந்தது. கம்பியை மறுபடி மேலே செருகி, பயோஸுக்குள் போய், 'பிரைமரி டிஸ்பிளே' என்ற வரியில் ஐஜிஎஃப்எக்ஸ் என்று இருந்ததைப் பிஇஜி என்று மாற்றி, சேமித்து, கம்பியைக் கீழே கொண்டுவந்த பிறகுதான் சரியானது. ஐஜிஎஃப்எக்ஸ் என்பது செயலிக்குள்ளேயே இருக்கும் வரைகலை. பிஇஜி என்பது பிசிஐ எக்ஸ்பிரஸ் பொந்தில் செருகிய அட்டை. (சில தாய்ப்பலகைகளில் இதே வரிக்கு 'இனிஷியல் டிஸ்பிளே அவுட்புட்' என்று பெயர். எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று தேடுவதிலேயே பாதிப் பொழுது போகும்.)

அந்த வரியை நான் மாற்றும்போது தம்பி கேட்டான்: "பிரைமரின்னா பெரிய கார்டுதானே அண்ணே? அதான் ஏற்கெனவே பெரிசா இருக்கே?"

ஐயா, நம் சொல்லுக்கும் இதே கதிதான். முதன்மை என்றதும் பெரியது, திறமானது, தலைமையானது என்றுதான் மனசில் விழும். பள்ளியில் மலாய் படித்த பிள்ளைக்கு 'உத்தாமா' என்றாலும் அதேதான். 'முன்னுரிமை' இன்னும் மோசம். ஏதோ இட ஒதுக்கீட்டுத் தகராறு மாதிரி இருக்கிறது. உள்ளபடி இந்த வரி கேட்பது ஒன்றே ஒன்று: விசையை அழுத்தியதும் முதல் படத்தை யார் வழியாகக் காட்டுவது?

ஏன் ஒருவர் மட்டும் என்றால் அதற்குப் பழைய கதை உண்டு. 1987-இல் ஐபிஎம் விஜிஏ என்ற திரைக்காட்சித் தரத்தைக் கொண்டுவந்தபோது அதற்கென்று நிலையான முகவரிகளை ஒதுக்கினார்கள். கணினியில் எத்தனை அட்டை செருகினாலும் அந்த முகவரிக்கு ஒரு நேரத்தில் ஒருவர்தான் பதில் சொல்ல முடியும். யார் சொல்வது என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். பழைய பயோஸின் இடத்தில் யூஈஎஃப்ஐ வந்து முறை மாறிவிட்டது, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. லினக்ஸ் கருனியில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இன்றும் ஒவ்வொரு அட்டையின் அடைவிலும் 'பூட் விஜிஏ' என்று ஒரு சிறு கோப்பு இருக்கும். உள்ளே 1 என்றிருந்தால் திரையை முதலில் எழுப்பியது அந்த அட்டை. அவ்வளவுதான். அதற்கு மேல் அதில் ஒரு பெருமையும் இல்லை.

எண்ணை வைத்துச் சொல்லலாம் என்பார்கள். அதையும் நம்ப முடியாது. ஜிபியூ 0 என்பதாலேயே அது உயர்ந்ததும் இல்லை, 1 என்பதாலேயே தாழ்ந்ததும் இல்லை. லினக்ஸில் ஒரு நாள் 'கார்டு 0' ஆக இருந்தது, கருனியைப் புதுப்பித்த மறுநாள் 'கார்டு 1' ஆகிவிடும். பெரும்பாலும் மாறாமல் நிற்பது, எந்த இணைப்பில் இருக்கிறது என்று காட்டும் பிசிஐ முகவரிதான். இன்டெல் செயலிக்குள் இருக்கும் வரைகலைக்கு எப்போதும் 00:02.0. எண் உயர்வு தாழ்வைக் காட்டாது என்பதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விடியற்காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) கிராணி (தோட்டத்து எழுத்தர்) பேர் கூப்பிடும்போது முதலில் குரல் கொடுப்பவன் நல்ல பால்வெட்டுக்காரன் என்று யாரும் நினைப்பதில்லை. அவன் பேர் தாளில் மேலே இருக்கிறது, அவ்வளவே.

ஆகவே என் முன்மொழிவு: முதல்திரை அட்டை. தொடக்கத்தில் திரையைப் பிடிக்கும் அட்டை. பயோஸ் வரிக்கு வெறும் 'முதல்திரை' போதும். செயலிக்குள் இருப்பது 'உள்ளமை வரைகலை', செருகியது 'தனியட்டை'. இந்த இரண்டிலும் யாருக்கும் சண்டை இருக்காது என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து

-----

தைப்பிங்கிலிருந்து:

தம்பி, காரணம் ஏற்புடையது. ஆனால் முதல் + திரை என்றால் 'முதற்றிரை' என்றல்லவா வரும்? புணர்ச்சியை விட்டுவிட்டுக் கலைச்சொல் ஆக்கினால் நாளைக்கு மாணவர்கள் கேட்பார்கள். நான் முப்பது வருடம் தமிழ்ப்பள்ளியில் கற்பித்தவன், கண்ணில் உறுத்துகிறது.

'திரைமுதல்' என்று திருப்பிப் போடலாமா?

-----

கோயம்புத்தூரிலிருந்து:

'திரைமுதல்' என்றால் 'திரை முதல் விசைப்பலகை வரை' என்று படித்துவிடுவார்கள் ஐயா.

ஜிபியூவுக்கே ஒரு குட்டிச் சொல் வைத்துக்கொண்டால் எல்லாம் சுலபமாகும். 'வரைவி' எப்படி? உள்வரைவி, தனிவரைவி, முதல்வரைவி.

-----

மீண்டும் வணக்கம்.

'வரைவி' குட்டியாக, அழகாக இருக்கிறது. ஒரே தயக்கம்: வரைவு என்றால் செய்தித்தாளில் சட்ட வரைவு. அகப்பாட்டில் வரைவு என்றால் கல்யாணம். தோழி வரைவு கடாவுவாளே, அந்த வரைவு. ஒரு திரையும் இரண்டு வரைவியும் என்று எழுதினால் தைப்பிங் ஐயாவுக்கு வேறு திணை நினைவுக்கு வரும். விளையாட்டுக்குச் சொல்கிறேன், ஜிபியூவுக்கு 'வரைவி' என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் 'முதல்வரைவி' மட்டும் வேண்டாம். அங்கே மறுபடி முதன்மைக் குழப்பம் நுழைந்துவிடும். அந்த வரி வரைவதைப் பற்றியதே இல்லை, காட்டுவதைப் பற்றியது. 'திரை' என்ற சொல் உள்ளே இருந்தாக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான்.

'முதற்றிரை' இலக்கணப்படி சரி ஐயா, மறுக்கவில்லை. என் கடையில் சொல்லிப் பார்த்தேன். முதல் ஆள் 'முதல் சிறை'யா என்று கேட்டார். இரண்டாவது ஆளிடம் சொல்லிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. 'முதல்திரை' என்று பிரித்து ஒலிப்பதைக் கலைச்சொல்லுக்குச் சலுகையாகக் கொடுங்கள்.

இனி, யாரும் தொடாத பகுதி. திரை ஓர் அட்டையில், வரைகிற வேலை இன்னோர் அட்டையில் என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளமை வரைகலையில் திரை மாட்டியிருக்கும். கனமான மென்பொருள் மட்டும் தனியட்டையில் ஓடும். வரைந்த சட்டகம் (ஃபிரேம்) உள்ளமைக்கு நகலாகி வந்து திரையில் தெரியும். என்விடியா 2010-இல் மடிக்கணினிகளுக்காக இப்படியொரு முறையை ஆப்டிமஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது. லினக்ஸ்காரர்கள் தங்கள் முறைக்குப் பிரைம் என்று பேர் வைத்தார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், பொம்மை ரோபோவின் பேர் வரும். கிண்டலுக்கு வைத்த பேர் அது. 'டிஆர்ஐ பிரைம்' என்ற சூழல்மாறிக்கு (இயக்கும்போது கொடுக்கும் ஒரு குறிப்பு) 1 கொடுத்து மென்பொருளை இயக்கினால் அது மற்ற அட்டையில் ஓடும். இதை ஒரு மொழிபெயர்ப்பில் யாரோ 'முதன்மை' என்று பெயர்த்திருந்ததைப் பார்த்து நான் தலையில் அடித்துக்கொண்டேன். சொன்னதற்கு நேர்மாறு! முதல்திரை அட்டையை விட்டு இன்னொன்றுக்குப் போ என்பதுதான் அதன் பொருள்.

இதற்கு என் சொல் கைமாற்று. பக்கத்து வீட்டில் ஐம்பது வெள்ளி கைமாற்று வாங்குகிறோமே, அதே சொல்தான். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, ஆள் மாறுவதும் கிடையாது. திரை உள்ளமையிடமே இருக்கிறது. உழைப்பை மட்டும் தனியட்டையிடம் வாங்கிக்கொள்கிறது. கைமாற்று வரைவு, கைமாற்று முறை, கைமாற்றில் ஓட்டு. 'ஆஃப்லோட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் 'பணி இறக்கம்' என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். லாரியிலிருந்து செம்பனைக் குலை இறக்குவது போல் இருக்கிறது. இறக்கினால் திரும்பி வராது, இங்கே படம் திரும்பி வந்தாக வேண்டும்.

விண்டோஸில் இதையே மென்பொருள்வாரியாக வைத்திருக்கிறார்கள். அமைப்புகளில் திரை, அதற்குள் வரைகலை என்று போனால் ஒவ்வொரு மென்பொருளுக்கும் 'மின்சேமிப்பு', 'உயர்திறன்' என்று தேர்ந்துகொள்ளலாம். விண்டோஸ் 10-இன் 2018 ஏப்ரல் பதிப்பிலிருந்து இருக்கிறது. அட்டையின் பேரைச் சொல்லாமல் பயனைச் சொல்லியிருக்கிறார்கள் பாருங்கள். இதைப் பார்த்த பிறகு, நாம் மொழிபெயர்க்க வேண்டிய நோம் (லினக்ஸின் ஒரு மேசைத்தளம்) பட்டி வரிக்கு எந்தப் புதுச்சொல்லும் தேவையில்லை என்றே தோன்றுகிறது. மென்பொருளின் படவுருவை வலச்சொடுக்கினால் வருகிற அந்த நீண்ட ஆங்கில வரிக்குத் தமிழில் 'தனியட்டையில் திற' போதும்.

-----

தைப்பிங்கிலிருந்து:

கைமாற்று பிடித்திருக்கிறது, தம்பி. வாங்கியதைத் திருப்பித் தருகிற அட்டையாவது உலகத்தில் இருக்கிறதே. 'தனியட்டையில் திற' சரி. 'முதல்திரை' அரைமனதோடு சரி. அட்டவணையில் முதற்றிரையையும் அடைப்புக்குறிக்குள் போட்டு வையுங்கள், யாராவது ஒருவர் சொல்லிக்கொள்ளட்டும்.

அந்தப் பையன் வேலை என்னவாயிற்று?

-----

ஐயா, அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டேன்.

தம்பி நேற்றுச் செய்தி அனுப்பியிருந்தான். அதே தீமிதி வீடியோ இருபத்திரண்டு நிமிடத்தில் முடிந்ததாம். வெட்டுகிற மென்பொருளின் அமைப்பிலும் தனியட்டையைத் தேர்ந்துகொள்ளச் சொல்லியிருந்தேன், அதையும் செய்திருக்கிறான். கூடவே ஒரு படம். கணினியின் முதுகு. கீழே கம்பி சரியாக அட்டையில் இருந்தது. மேலே தாய்ப்பலகையின் எச்டிஎம்ஐ துளையில், அட்டையிலிருந்து கழற்றிய கறுப்பு மூடியை மாட்டி வைத்திருக்கிறான். "இனி யாரும் இதுல செருக மாட்டாங்க அண்ணே."