புல்விரிப்பா, புற்பத்தையா?

அன்புள்ள குழுவினருக்கு,

நாம் தொகுக்கும் தோட்டக்கலைச் சொற்பட்டியலில் 'sod' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழாகப் 'புல்விரிப்பு' ஏறக்குறைய முடிவாகிவிட்டது என்று நேற்றைய மடலில் கண்டேன். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நான் அந்தச் சொல்லால் கையைச் சுட்டுக்கொண்டவன்.

பொருள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பண்ணையில் வளர்த்த புல்லை வேரோடும், இரண்டு சென்டிமீட்டர் அளவு மண்ணோடும் சீவியெடுத்துச் சுருட்டி விற்கிறார்கள். விதை தூவி மாதக்கணக்கில் காத்திருக்க மனமில்லாதவர்கள் அதை வாங்கிப் பதித்து ஒரே நாளில் புல்தரை ஆக்கிக்கொள்கிறார்கள். டொராண்டோவில் வீடு வாங்கிய முதல் கோடையில் நானும் அறுபது சுருள் வாங்கினேன். வெள்ளிக்கிழமை மாலை வாசலில் அடுக்கிவிட்டுப் போனார்கள். மறுநாள் உறவில் ஒரு திருமணம். 'விரிப்புதானே, ஜமக்காளம் மாதிரி ஞாயிற்றுக்கிழமை விரித்துக்கொள்ளலாம்' என்று கிளம்பிவிட்டேன்.

ஞாயிறு காலை அடுக்கின் நடுவே கையை விட்டேன். ஈரம் பிடித்த வைக்கோற்போருக்குள் இருக்குமே, அந்தச் சூடு. பிரித்தால் உள்ளெல்லாம் வெளிறிய மஞ்சள். புளித்த வாடை வேறு. வெட்டிய பிறகும் புல் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அந்த வெப்பம் சுருளைவிட்டு வெளியேற வழியில்லை. கோடையில் வெட்டிய 24 மணி நேரத்துக்குள் அது தரையில் இறங்கிவிட வேண்டும் என்று பிறகுதான் படித்தேன். பாதிச் சுருள்கள் குப்பைக்குப் போயின. கற்றுக்கொடுத்திருக்க வேண்டிய சொல்லே என்னை ஏமாற்றியது என்று இன்றும் சொல்லிக்கொள்கிறேன் (மனைவி இதை ஏற்பதில்லை).

'புற்சுருள்' வேண்டாம், பலகை வடிவிலும் விற்கிறார்கள். 'புற்பாய்' என்றால் கோரைப்பாய்தான் நினைவுக்கு வரும். 'விரிப்பு' என்ற சொல்லைப் பிளாஸ்டிக் புல்லுக்குக் கொடுத்துவிடுங்கள், அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும்.

என் பரிந்துரை 'பத்தை'. தேங்காய்ப் பத்தையை நினைத்துப் பாருங்கள். மூடியிலிருந்து கீறி எடுக்கும்போது வெள்ளைப் பருப்போடு பழுப்புத் தோலும் மெல்லிசாக ஒட்டிக்கொண்டு வருகிறது. இங்கே மேலே பச்சை, அடியில் பழுப்பு. ஒன்றிலிருந்து கீறி எடுத்த துண்டு என்ற பொருள் பத்தையில் இருக்கிறது, விரிப்பில் இல்லை. அமெரிக்காவில் 1862ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டத்துக்குப் பிறகு நெப்ராஸ்கா சமவெளிக்குப் போனவர்கள், மரம் கிடைக்காமல், இதையே கல்போல வெட்டி அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். கேலியாக அதற்கு 'நெப்ராஸ்கா சலவைக்கல்' என்று பெயர். விரிப்பைக் கொண்டு யாராவது வீடு கட்ட முடியுமா?

யாழ்ப்பாணத்து நண்பர் முன்கூட்டியே ஓர் ஐயம் எழுப்பியிருந்தார்: அவர்கள் ஊரில் பற்றை என்றால் புதர், காதில் விழும்போது குழம்பாதா என்று. நியாயமான கேள்வி. ஆனால் எழுத்தில் றகரம் காப்பாற்றும். முன்னால் 'புல்' வந்துவிட்டால் புதருக்கும் அதிகம் வேலையில்லை.

அடுத்தது புணர்ச்சி. இலக்கணப்படி புற்பத்தை. ஆனால் அதே இலக்கணப்படி புல்தரையும் 'புற்றரை' ஆக வேண்டும். அப்படி எழுதினால் படிப்பவர் பாம்புப் புற்றைத்தான் தேடுவார். புல்தரையை யாரும் திருத்தவில்லை, திருத்தவும் வேண்டாம். புற்பத்தையில் அந்தத் தொல்லை இல்லை. 'புற்கள்' என்று எழுதுகிற கைக்கு அது இயல்பாகவே வரும். ஆகவே தலைப்பில் நான் புணர்த்தியே எழுதியிருக்கிறேன். பிரித்து எழுதுகிறவர்களோடு சண்டைக்கு வரமாட்டேன்.

வினைச்சொல்லில்தான் எனக்குப் பிடிவாதம். 'விரித்தல்' போய், 'பதித்தல்' கூடப் போய், 'பாவுதல்' வரவேண்டும். தெருவில் கல் பாவுகிறோம். நாற்றங்காலில் நாற்றுப் பாவுகிறோம். ஒன்று தளம் அமைக்கும் வேலை, மற்றது பயிர் வளர்க்கும் வேலை. புற்பத்தை பாவுதல் இரண்டும் சேர்ந்தது. மண்ணைப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் கொத்தி மட்டம் பார்க்க வேண்டும்; முதல் வரிசையை நேர்விளிம்பில் தொடங்கி, செங்கல் வரிசைபோல மூட்டுகள் மாறிவரும்படி நெருக்கி வைக்க வேண்டும்; உருளையை உருட்டி அடியில் காற்று தங்காமல் அழுத்த வேண்டும்; அன்றே தண்ணீர் விட வேண்டும். கொத்தனாரும் குடியானவரும் ஒரே ஆளாக வேலை செய்கிற இடம் இது.

பட்டியலில் மூட்டுக்கு 'இடுக்கு' என்று போட்டிருக்கிறது. இடுக்கே விழக்கூடாது என்பதுதான் முறை; விழுந்தால் அந்த விளிம்பு முதலில் காயும். மாற்றுங்கள்.

இன்னொன்று. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் பெரும்பாலும் விற்பது கென்டக்கி புளூகிராஸ் என்ற புல்வகை. பட்டியலில் அதை 'கென்டக்கி நீலப்புல்' என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். அதன் இலை பச்சை. பூர்விகமோ ஐரோப்பாவும் ஆசியாவும். பத்தையாக வெட்ட அது ஏற்றதாக இருப்பதற்குக் காரணம், மண்ணுக்கடியில் தண்டு ஓடிப் பின்னிக்கொள்வது. நம் அருகம்புல்லும் அப்படித்தான். கொத்துக் கொத்தாக நிற்கும் ரை புல்லை மட்டும் தனியாக வளர்த்துச் சீவினால் கையிலேயே உதிர்ந்துவிடும். பெயரை ஒலிபெயர்த்தே வைத்துவிட்டு, 'பின்னும் புல்', 'கொத்துப் புல்' என்ற இரண்டையும் வகைப்பெயராகச் சேர்த்தால் கையேடு படிக்கிறவருக்கு உதவும்.

வேர்பிடித்தலுக்குப் புதுச்சொல் தேட வேண்டாம். இரண்டு வாரம் கழித்து ஒரு மூலையைப் பிடித்து மெல்லத் தூக்கிப் பார்ப்பேன். வரமாட்டேன் என்றால் வேர்பிடித்துவிட்டது. அதற்குமுன் அறுப்புப்பொறியை இறக்கினால் பத்தை நகர்ந்துவிடும்.

வெள்ளிக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் 'புற்பத்தை', 'பாவுதல்' இரண்டையும் பட்டியலில் ஏற்றிவிடும்படி தொகுப்பாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.